அர்ஜென்டினாவில் ஏது போதைக் கடத்தல்? பழிவாங்கும் படம் பார்த்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "நேற்று ராத்திரி ஒரு அர்ஜென்டினா ஆக்‌ஷன் படம் பார்த்தேன். தம்பியைக் கொன்ற கடத்தல் கும்பலை அண்ணன் ஒவ்வொருவராகத் தேடிப் போய்ச் சுடுகிறான். கொலம்பியா, மெக்சிகோ என்றால் நம்பலாம். மெஸ்ஸி ஊரில் ஏது போதைக் கடத்தல்? இந்த வகையில் அங்கே உருப்படியான படம் ஏதாவது உண்டா?"

கடத்தல் உண்டு, நிறையவே உண்டு. அதுவும் மெஸ்ஸியின் சொந்த ஊரில்தான் அதிகம். படங்களைப் பொறுத்தவரை, அருமையான பழிவாங்கும் கதைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. போதையைப் பற்றிய நல்ல படங்கள் குறைவு. இரண்டும் ஒன்றாக அமைந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. நீங்கள் பார்த்தது அந்தக் கடைசிக் கணக்கில் சேராது என்று உங்கள் வர்ணனையே சொல்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். கோக்கைன் தயாரிக்கும் அளவுக்கு அர்ஜென்டினாவில் கோக்கா விளைவதில்லை. அது விளைவது வடக்கே, பொலிவியாவிலும் பெருவிலும். இலையை மென்று கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் அர்ஜென்டினாவின் வட மாகாணங்களில் நம் வெற்றிலை போல சகஜம். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. பவுடர் வேறு விஷயம். பொலிவியாவுடன் 700 கிலோமீட்டருக்கும் மேல் எல்லை. சால்ட்டா மாகாணத்தில் சால்வடோர் மாசா என்று ஒரு எல்லை ஊர். தெருவின் இந்தப் பக்கம் அர்ஜென்டினா, சிறிய ஓடையைத் தாண்டினால் பொலிவியா. துணி, செருப்பு, எலக்ட்ரானிக்ஸ் என்று மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்து எல்லை தாண்டுகிறவர்களை அங்கே 'பகஷேரோ' என்பார்கள். நம் ஊர் விமான நிலையங்களில் 'குருவி' என்கிறோமே, அதே பிழைப்புதான், கால்நடையாக. ஆயிரம் மூட்டைகளுக்கு நடுவே சில மூட்டைகளில் வேறு சரக்கு இருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஊரில் தொடங்கும் 34-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சுமார் 1,500 கிலோமீட்டர் தெற்கே ஓடி முடிகிற இடம் ரொசாரியோ. மெஸ்ஸி பிறந்த ஊர். அதைத் தவிர வான் வழியும் உண்டு: சின்ன விமானங்கள் தாழ்வாகப் பறந்து வந்து சாக்கோ, சந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணங்களின் ஆளில்லாத வயல்களில் பொட்டலங்களைப் போட்டுவிட்டுத் தரையிறங்காமலே திரும்பிவிடும். கஞ்சா வருவது பராகுவேயிலிருந்து, பரானா நதியைப் படகில் கடந்து. நதியின் அர்ஜென்டினாக் கரையில் இத்தாதி என்று ஒரு கோயில் ஊர் இருக்கிறது. மாதாவின் பெரிய தேவாலயம். வருடா வருடம் குதிரையிலும் கால்நடையாகவும் பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். 2017 மார்ச்சில் அந்த ஊர் மேயரையும் துணை மேயரையும் சேர்த்து ஒரே நாளில் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு, கஞ்சாக் கடத்தலுக்குத் துணை போனது.

சரி, ரொசாரியோவில் ஏன் எல்லாம் வந்து சேர வேண்டும்? துறைமுகம். அர்ஜென்டினாவின் சோயா, சோளம், தீவனம் எல்லாம் உலகத்துக்குப் போவது பெரும்பாலும் ரொசாரியோவைச் சுற்றி நதிக்கரையில் வரிசையாக நிற்கும் துறைகளிலிருந்துதான். பிரமாண்டமான கப்பல்கள் கடலிலிருந்து நதிக்குள்ளேயே வந்து நிற்கும். 2022 ஆகஸ்டில் அந்த நகரத்துக் கிடங்கு ஒன்றில் 1,658 கிலோ கோக்கைன் பிடிபட்டது. சோளத் தீவன மூட்டைகளோடு கலந்து துபாய்க்குப் போகவிருந்த சரக்கு. ஒன்றரை டன்னுக்கும் மேல்! உள்ளூர்த் தெருமுனையில் விற்கிற பையன்கள் கையில் இருப்பது இந்த ஓட்டத்திலிருந்து சிந்திய துளிதான். ஆனால் சாவதும் கொல்வதும் அந்தத் துளிக்காகத்தான்.

இப்போது உங்கள் படத்தின் கதைக்கு வருவோம். 2013 மே 26 விடியற்காலை, ரொசாரியோவை ஒட்டிய வீஷா கொபெர்னடோர் கால்வெஸ் என்ற ஊரில், ஒரு நடனக்கூடத்தின் வாசலில் கிளாதியோ கான்டேரோ சுட்டுக் கொல்லப்பட்டார். 'பறவை' என்று பட்டப்பெயர். 'லோஸ் மோனோஸ்', அதாவது 'குரங்குகள்' என்ற குடும்பக் கும்பலின் தலைவர். அடுத்த சில நாட்களிலேயே பதிலுக்குப் பல உயிர்கள் போயின. கொலைக்கு ஏவியவர் என்று சந்தேகிக்கப்பட்டவர் விசாரணைக் கைதியாக இருந்தபோது அவருடைய அப்பாவும் இரண்டு சகோதரர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு, 2017-இல், நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இந்தத் தீர்ப்பை அவர் யாரிடம் போய்க் காட்டுவார்? நீங்கள் பார்த்த படத்தில் அண்ணன் சுட்டுக்கொண்டே போகிறானே, அவன் தப்பான ஆளைச் சுட்டிருந்தால் என்ற கேள்வி ஒரு தடவையாவது வந்ததா?

செத்த கிளாதியோவின் தம்பி ஏரியல் கான்டேரோவுக்கு 2018-இல் 22 ஆண்டு தண்டனை கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் வழக்கோடு சம்பந்தப்பட்ட நீதிபதிகளின் வீடுகள் மீதும் நீதித்துறைக் கட்டடங்கள் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏவியது அவர்தான், சிறைக்குள்ளிருந்து. அந்தத் துப்பாக்கிச் சூட்டு வழக்கின் விசாரணையில் வழக்கமான கேள்வியாக அவரிடம் தொழில் என்ன என்று கேட்டார்கள். நீதிபதிகளைச் சுடக் கூலி ஆள் பிடிப்பதுதான் என்று பதில் சொன்னார். இந்த வசனத்தை ஒரு திரைக்கதையில் எழுதினால் 'ஓவர்' என்று தயாரிப்பாளரே வெட்டிவிடுவார்.

2022-இல் பத்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் அந்த வட்டாரத்தில் 280-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 2023 மார்ச்சில் மெஸ்ஸியின் மாமனார் குடும்பத்தின் சூப்பர் மார்க்கெட் ஷட்டரில் 14 குண்டுகள். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: மெஸ்ஸி, உனக்காகக் காத்திருக்கிறோம் என்று. சீட்டிலேயே நகர மேயரையும் கடத்தல்காரன் என்று திட்டியிருந்தார்கள். அடுத்த வருட மார்ச்சில் நடந்ததுதான் என் மனதில் இன்னும் கிடக்கிறது. சிறையில் கெடுபிடி கூடியதற்குப் பதிலடியாக, கும்பல்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத நான்கு தொழிலாளிகளை ஐந்தே நாட்களில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு டாக்சி ஓட்டுநர்கள், ஒரு பஸ் ஓட்டுநர், ஒரு பெட்ரோல் பங்க் ஊழியர். யார் கிடைத்தாலும் சரி என்று பொறுக்கி எடுத்த உயிர்கள். பஸ் நின்றது, டாக்சி நின்றது, பள்ளிக்கூடங்கள் மூடின. (அந்த வருட முடிவில் மொத்தக் கொலைகள் நூறுக்கும் கீழே இறங்கின. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதற்கு நடுவே சிரிப்பு மூட்டுகிற கதைகளும் உண்டு. 2016 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸில் ரஷ்யத் தூதரகத்தின் பள்ளிக்கூடத்தில் 12 பெட்டிகளில் 389 கிலோ கோக்கைன் இருப்பது தெரிந்தது. தூதரே புகார் கொடுத்தார். அர்ஜென்டினாக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக உள்ளே போய் பவுடரை எடுத்துவிட்டு மைதா மாவை நிரப்பி, ஜிபிஎஸ் கருவியையும் வைத்து மூடிவிட்டார்கள். யார் வந்து எடுப்பார்கள் என்று ஒரு வருடம் காத்திருந்தார்கள்! கடைசியில் மாவு மாஸ்கோவுக்கு விமானம் ஏறியது. வாங்க வந்தவர்கள் மாட்டினார்கள். 2018 பிப்ரவரியில்தான் விஷயம் வெளியே வந்தது.

இவ்வளவு சரக்கு கையில் இருந்தும் அர்ஜென்டினா சினிமா ஏன் கொலம்பியா மாதிரி கடத்தல் மன்னர்களின் கதைகளை எடுத்துத் தள்ளவில்லை? என் கணிப்பு இது: அவர்களுடைய கதைகளில் வில்லன் இருக்கை ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அங்கே உட்கார்ந்திருப்பது அரசு. நீதி கேட்டுப் போனவனைக் கட்டி வைத்து உதைக்கும் அரசு.

இது பழைய கதை. ஹுவான் மொரெய்ரா என்பவர் 1874-இல் லோபோஸ் என்ற ஊரில் போலீஸிடம் சிக்கிச் செத்த உண்மையான ஆள். மக்கள் வாயில் வாழும் கதைப்படி, அவர் ஒரு கடைக்காரருக்குக் கடன் கொடுத்தார். சீட்டு எதுவும் எழுதி வாங்கவில்லை. திருப்பிக் கேட்டால் வாங்கவே இல்லை என்கிறார் கடைக்காரர். அதிகாரியிடம் முறையிடப் போனால் மொரெய்ராவையே தொழுமரத்தில் மாட்டி வைக்கிறார்கள். வெளியே வந்தவர் நேரே கடைக்குப் போகிறார். லியனார்தோ ஃபாவியோ இதைப் படமாக எடுத்து 1973 மே மாதம் வெளியிட்டார். ராணுவ ஆட்சி முடிந்து தேர்தலில் வென்றவர் பதவியேற்பதற்கு முந்தின நாள். கூட்டம் அலைமோதியது. அந்த நாட்டில் பழி என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு வாராக்கடன் ஒளிந்திருக்கிறது. தரவேண்டியதைத் தர மறுத்தார்கள், கேட்கப் போன இடத்திலும் அடி விழுந்தது, அதற்குப் பிறகுதான் கத்தி.

அப்புறம் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானோர் காணாமல் போனார்கள். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. ஜனநாயகம் திரும்பிய பிறகும் 1986, 1987-இல் வந்த சட்டங்கள் வழக்குகளை முடக்கின; பிறகு தளபதிகளுக்கு மன்னிப்பே கிடைத்தது. அந்தச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2005 ஆனது. இத்தனை வருடமும் காணாமல் போனவர்களின் தாய்மார்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வியாழக்கிழமை தோறும் பியூனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தைச் சுற்றி வந்தார்கள். தன் பிள்ளையைக் கொன்றவன் அதே நகரத்தில் ரொட்டிக்கடை வரிசையில் நிற்கலாம் என்று தெரிந்தும் துப்பாக்கி எடுத்துப் பழி தீர்க்கக் கிளம்பவில்லை. நிஜத்தில் எடுக்காத பழியைத்தான் அந்த ஊர் சினிமா திரும்பத் திரும்பக் கற்பனை செய்து பார்க்கிறது என்று எனக்குத் தோன்றும்.

2009-இல் வந்து ஆஸ்கர் வாங்கிய ஹுவான் ஹோசே கம்பனெல்லாவின் 'தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்' இதற்கு நேரடி சாட்சி. ஒருவனுடைய மனைவியைக் கொன்றவன் பிடிபட்டு, ஆயுள் தண்டனை என்று ஆன பிறகு, அவனை வெளியே விட்டு மேலிடத்துக்குப் பாதுகாப்பு வேலைக்கு வைத்துக்கொள்கிறது அரசு. கதை நடப்பது ராணுவம் வருவதற்கு முன்பே, 1970-களின் நடுவில். கணவன் கடைசியில் என்ன செய்தான் என்பதை இங்கே உடைக்க மாட்டேன். துப்பாக்கியால் முடிந்திருக்கக்கூடிய காரியத்தை அவன் வருடக் கணக்கில் தினமும் செய்துகொண்டிருக்கிறான், அவ்வளவு சொல்லலாம். கால்பந்து மைதானத்தின் மேலே வானத்திலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் நுழைந்து துரத்தும் காட்சி ஒன்று ஐந்து நிமிடத்துக்கு வெட்டே இல்லாததுபோல் ஓடும். ஆக்‌ஷன் கேட்டீர்களே, அதற்கு அது ஒன்றே போதும்.

ஆனால் உங்கள் ருசிக்கு நான் முதலில் கையில் கொடுக்கும் படம் வேறு. 2002-இல் வந்த 'உன் ஓசோ ரோஹோ', 'ஒரு சிவப்புக் கரடி'. இயக்கம் இஸ்ரயேல் அத்ரியான் கயேதானோ. பியூனஸ் அயர்ஸின் புறநகர். ஏழு வருடம் ஜெயிலில் இருந்துவிட்டு வருகிறான் கரடி என்ற ஆள். ஹூலியோ சாவேஸ் நடித்திருக்கிறார்; தோள்களை வைத்தே நடிக்கிற மனிதர், பேச்சு மிகக் குறைவு. மனைவி வேறொருவருடன் வாழ்கிறாள். அந்த ஆள் வேலையிழந்து குதிரைப் பந்தயத்தில் பணத்தைத் தொலைக்கிறவன், ஆனால் குழந்தையிடம் பிரியமானவன். மகளுக்கு அப்பாவைத் தெரியாது. பழைய கொள்ளையில் கரடிக்கு வரவேண்டிய பங்கைத் 'துருக்கிக்காரன்' என்ற முதலாளி தராமல் இழுத்தடிக்கிறான். பாருங்கள், மறுபடியும் அதே வாராக்கடன்.

துருக்கிக்காரனாக வருபவர் ரெனே லவாந்த். தொழில்முறை நடிகர் இல்லை, அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற சீட்டு வித்தைக்காரர். சின்ன வயதில் ஒரு விபத்தில் வலது கை போய்விட்டது. இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற வித்தைக்காரர்கள் வேகத்தால் மறைப்பதை இவர் மெதுவாகச் செய்தே மறைப்பார். அந்த ஆளை ஏமாற்றுக்கார முதலாளியாக உட்கார வைத்ததில்தான் இயக்குநரின் குசும்பு. அவர் சும்மா மேஜையில் கை வைத்திருந்தாலே நம் கண் அந்தக் கையை விட்டு நகராது.

நடுவில் ஒரு கொள்ளை. சம்பளப் பணத்தை அடிக்கப் போகிறார்கள். அதே நேரம் மகளின் பள்ளியில் விழா. குழந்தைகள் தேசிய கீதம் பாடுகிறார்கள். படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. மேலே கீதம், கீழே தோட்டா. அந்த நாட்டுக் கீதம் முடிவது 'புகழோடு சாவோம் என்று சபதம் செய்வோம்' என்ற வரியில். பின்னணி இசை கூட்டி நம்மைக் கைதட்ட வைக்கிற படம் இல்லை இது. அந்தப் பிஞ்சுக் குரல்களுக்கு நடுவே விழுகிற ஆட்களைப் பார்க்கும்போது கை தானாகவே மடியில் கிடக்கும். கடைசியில் உங்களுக்குப் பிடித்தமான சூடு, ஆள் ஒவ்வொருவராக, வருகிறது. ஆனால் அதற்குள் அந்தப் பணம் யார் வீட்டு வாடகைக்கு என்று நமக்குத் தெரிந்துவிட்டிருக்கும்.

இதில் போதைக் கடத்தல் இல்லை என்பீர்கள். உண்மைதான். போதை வேண்டுமானால் பாப்லோ ட்ரபேரோவின் 'எலெஃபாந்தே பிளாங்கோ', 'வெள்ளை யானை', 2012. பெரிய ஆஸ்பத்திரியாக வரவேண்டிய ஒரு கட்டடம் பல பத்தாண்டுகள் பாதியில் நின்று, சுற்றிலும் குடிசைப் பகுதி வளர்ந்துவிட்டது. பியூனஸ் அயர்ஸின் தெற்கில் நிஜமாகவே இருந்த இடம், பிறகு இடித்துவிட்டார்கள். அங்கே வேலை செய்யும் இரண்டு பாதிரியார்கள், ஒரு சமூக சேவகி, இரண்டு கடத்தல் கும்பல்கள். செத்த பையனின் உடலைத் திரும்ப வாங்கிவர இளைய பாதிரியார் எதிர்க் கும்பலின் தலைவியைத் தேடிப் போகிற பகுதிக்கு முன்னால் எந்தத் துப்பாக்கிச் சண்டையும் சாதாரணம். மூத்த பாதிரியார் ரிகார்தோ தாரின்.

கதை காற்றில் வந்ததில்லை. படம் நினைவுகூரும் கார்லோஸ் முஹிகா குடிசைப் பகுதி மக்களோடு நின்ற பாதிரியார். 1974-இல் தேவாலய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2009-இல் குடிசைப் பகுதிகளில் போதைப் பொருள் நடைமுறையில் குற்றமே இல்லை என்று ஆகிவிட்டதாக பாதிரியார்கள் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். உடனே அவர்களில் ஒருவரான பெப்பே தி பாவோலாவுக்குக் கொலை மிரட்டல். அதை ஊரறியச் சொன்னவர் அப்போதைய பேராயர் பெர்கோலியோ, பின்னாளில் போப் பிரான்சிஸ். மிரட்டலுக்குக் காரணமான சரக்கின் பெயர் 'பாகோ'. கோக்கைன் காய்ச்சுவதில் அடியில் நிற்கும் கசடு மாதிரியான மலிவுச் சரக்கு. புகைத்தால் சில நிமிடப் போதை, உடனே அடுத்தது வேண்டும்.

ஒரே மூச்சில் ஓடும் ஆக்‌ஷன்தான் வேண்டும் என்றால், அண்மையில் வந்த 'கதிஷேரோ' இருக்கிறது. 'விசையை அழுத்துகிறவன்' என்று பொருள் சொல்லலாம். பியூனஸ் அயர்ஸை ஒட்டிய இஸ்லா மசியெல் என்ற துறைமுகக் குடிசைப் பகுதியில், ஒரு கூலிக் கொலையாளியின் ஒரே ராத்திரி, ஒரே தொடர் ஷாட்டாக. உங்கள் படத்துக்கு வகையில் இதுதான் நெருங்கிய சொந்தம். எனக்குக் கதையைவிட அந்தச் சந்துகள் பிடித்தன.

பழியை மட்டும் தனியாகப் பிழிந்து பார்க்க 'அபஷாய்', 2010, ஃபெர்னாந்தோ ஸ்பினர். குதிரையும் புழுதியும் நிறைந்த வடமேற்கு. ஒரு கொள்ளையன் வண்டியை மறித்துக் கொல்கிறான்; உள்ளே ஒளிந்திருக்கும் சிறுவனின் பார்வை அவன் மேல் விழுகிறது. அந்தக் கண்களைத் தாங்க முடியாமல், தூண் உச்சியில் தவமிருந்த பழைய துறவிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, இனி குதிரையை விட்டுத் தரையில் இறங்குவதில்லை என்று விரதம் எடுக்கிறான். வருடங்கள் போகின்றன. ஊர் அவனைச் சாமியாகக் கும்பிடத் தொடங்கிவிட்டது. சிறுவன் வளர்ந்து கத்தியோடு வருகிறான். கொல்ல வேண்டிய ஆள் ஏற்கெனவே தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? நீங்கள் பார்த்த படத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்: அதில் செத்தவர்கள் யாருக்கும் முகமே இல்லை.

'வைல்ட் டேல்ஸ்' அநேகமாகப் பார்த்திருப்பீர்கள். இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை மாலை போதும். ஆறு பழிக்கதைகள், நன்றாகச் சிரிக்கலாம்.

டப்பிங்கில் பார்க்காதீர்கள். ஸ்பானிஷ் பேசும் மற்றவர்கள் பெரும்பாலும் 'ய' என்று உச்சரிக்கும் இடத்தில் அர்ஜென்டினாக்காரர்கள் 'ஷ' என்பார்கள். 'காயே', தெரு, அவர்கள் வாயில் 'காஷே' ஆகிவிடும். அந்த 'ஷ' போனால் பாதிப் படம் போய்விடும். சப்டைட்டிலில் நழுவிப் போகும் சில சொற்களையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். 'புங்கெர்': ரொசாரியோவில் சிறு ஓட்டை மட்டும் விட்டுக் கட்டிய செங்கல் அறை, உள்ளே ஒரு சிறுவனை வைத்துப் பூட்டி ஓட்டை வழியே விற்க வைப்பார்கள். 'சொல்தாதீதோ', குட்டிச் சிப்பாய்: வெளியே காவல் நிற்கும் பையன். 'மெஹிகானியாதா': கடத்தல்காரனிடமிருந்தே சரக்கை அடித்துக்கொண்டு போவது; போலீஸுக்குப் போக முடியாத திருட்டு என்பதால் பழிக்கதைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. அப்புறம், ஒவ்வொரு கொலைச் செய்தியிலும் அவர்கள் பத்திரிகைகள் எழுதும் 'அஹுஸ்தே தே குவென்தாஸ்'. அதற்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை: கணக்குத் தீர்ப்பது.